உலியில் இறங்கிய உணவு: பியாஃப்ரா போரில் திருச்சபைகள், 1968–1970

1970 ஜனவரி கடைசியில், நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட் நகரத்து நீதிமன்றத்தில் கத்தோலிக்கக் குருக்களையும் அருட்சகோதரிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெரும்பாலானவர்கள் அயர்லாந்துக்காரர்கள். முறையான அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஓவெரி மறைமாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆயராக இருந்த ஜோசப் வீலனும் தப்பவில்லை. சிறைத்தண்டனை விதித்தார்கள், பிறகு விமானம் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

சட்டப்படி பார்த்தால் வழக்கில் பிழை சொல்ல முடியாது. நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோன பியாஃப்ராவோடு போர் நடந்த காலத்தில் அவர்களில் பலர், அப்போதைய தலைநகரான லாகோஸில் இருந்த நைஜீரிய அரசின் அனுமதியைக் கேட்காமல் போர்ச்சுகீசியத் தீவு ஒன்றிலிருந்து இரவோடு இரவாக விமானத்தில் வந்து இறங்கியவர்கள்தான். அந்த விமானங்களில் இருந்தது உலர்ந்த மீன், உப்பு, பால்பவுடர், மருந்து. அதே ஓடுதளத்தில், அதே இருட்டில், வேறு விமானங்கள் துப்பாக்கியும் குண்டும் இறக்கின.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பியாஃப்ராவில் திருச்சபைகள் செய்த வேலை புரியும். முதலாவதை மட்டும் சொன்னால் புனிதர் கதை ஆகிவிடும். இரண்டாவதை மட்டும் சொன்னால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உப்பு மூட்டை கொண்டுபோனவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

முற்றுகை

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966இல் நைஜீரியாவில் இரண்டு ராணுவப் புரட்சிகள் நடந்தன, ஒன்று ஜனவரியில், அடுத்தது ஜூலையில். அந்த ஆண்டு வடக்கு மாகாணத்தில் குடியேறியிருந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் லட்சக்கணக்கில் கிழக்கே சொந்த ஊர்களுக்கு ஓடிவந்தார்கள். 1967 மே 30 அன்று கிழக்கு மாகாணத்தின் ராணுவ ஆளுநர் கர்னல் ஒஜுக்வு அந்த மாகாணத்தைப் பியாஃப்ரா என்ற தனி நாடாக அறிவித்தார். ஜூலை 6 அன்று போர் தொடங்கியது. பிரிட்டனும் சோவியத் யூனியனும் நைஜீரிய அரசுக்கு ஆயுதம் கொடுத்தன. பிரான்ஸ் மறைமுகமாகப் பியாஃப்ராவுக்குக் கொடுத்தது. எண்ணெய் வயல்கள் இருந்த மண் அது, ஆகவே யாருமே சும்மா இருக்கவில்லை.

பட்டினிக்கு வழி திறந்தது கடற்கரை கைவிட்டுப்போனதுதான். 1967 ஜூலையில் போனி, அக்டோபரில் கலபார், 1968 மேயில் போர்ட் ஹார்கோர்ட் என்று துறைமுகங்கள் ஒவ்வொன்றாக நைஜீரியப் படையிடம் விழுந்தன. அதன் பிறகு பியாஃப்ரா நான்கு பக்கமும் அடைபட்ட நிலம். அகதிகள் நிறைந்து, நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போன நிலம்.

அங்கே வயிற்றை நிரப்ப ஏதாவது கிடைத்தது. பெருவள்ளிவகைக் கிழங்கும் மரவள்ளியும் விளைகிற மண் அது. கிடைக்காமல் போனது புரதம். மாட்டிறைச்சி வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது, அந்த வழி மூடிவிட்டது. மீன் கடற்கரையிலிருந்து வந்தது, அதுவும் நின்றது. நார்வேயிலிருந்து கப்பலில் வரும் உலர்ந்த காட் மீனும் நின்றது. உப்பு தங்கம்போல ஆனது.

சவலை

கிழங்கை மட்டுமே தின்று வளரும் குழந்தைக்கு வரும் நோயை மருத்துவர்கள் குவாஷியார்கர் என்கிறார்கள். கானா நாட்டுக் கா மொழிச் சொல் அது. 1930களில் அங்கே வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அந்தச் சொல்லை மருத்துவ உலகத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் மறுக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நம் பாட்டிமார் இதைத்தான் சவலை என்றார்கள். தம்பியோ தங்கையோ வயிற்றில் உண்டானதும் மூத்தது சவலை பாய்ந்துவிட்டது என்று சொல்வதில்லையா, அதே கண்டுபிடிப்பு, வேறொரு கடற்கரையில்.

பியாஃப்ராவில் இது வீட்டுக்கு ஒரு குழந்தை என்ற கணக்கைத் தாண்டி ஊர் ஊராகப் பரவியது. கறுப்பு முடி செம்பட்டையாகும். பாதமும் முகமும் வீங்கும். வயிறு உப்பும். தோல் உரியும். பார்க்கிறவருக்குப் பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதாகக்கூடத் தோன்றலாம், எல்லாம் நீர். இந்த நோயில் கொடுமையானது, பசி செத்துவிடும் என்பது. தட்டை முன்னால் வைத்தாலும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சிணுங்கும். மடியில் வைத்து, பாலை ஸ்பூன் ஸ்பூனாக, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, நாள் முழுக்கப் புகட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது. ஆகவே விமானத்தில் மூட்டை வந்து இறங்கினால் மட்டும் குழந்தை பிழைத்துவிடாது. அந்த ஸ்பூனைப் பிடிக்க ஒவ்வொரு ஊரிலும் ஒரு கை வேண்டும். திருச்சபைகளிடம் அந்தக் கைகள் இருந்தன, அங்கே வேறு யாரிடமும் அந்த அளவுக்கு இல்லை.

ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள்

தூய ஆவி சபைக் குருக்கள் 1885இலேயே நைஜர் ஆற்றங்கரை ஒனிட்ஷாவுக்கு வந்துவிட்டார்கள். ஆங்கிலிக்கன் மிஷன் அதற்கும் முன்பே, 1857இல் வந்தது. கலபாரில் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்கள் 1846 முதல் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் ஜோசப் ஷானஹன் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டுவது என்று முடிவெடுத்து, அதன் வழியாகவே இக்போ நாட்டைப் பெருமளவு கத்தோலிக்க நாடாக மாற்றினார். போர் தொடங்கியபோது அங்கே பங்குக் கோயில், அதன் பக்கத்தில் பள்ளிக்கூடம், உபதேசியார், ஆசிரியர்கள், கன்னியர் மடம், சில இடங்களில் ஆஸ்பத்திரி என்று ஒரு முழு வலைப்பின்னல் தயாராக இருந்தது.

போரில் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறைகளில் அகதிகள் தங்கினார்கள், சில வகுப்பறைகள் நோயாளிக் குழந்தைகளின் கூடங்களாயின. முற்றத்தில் பெரிய அண்டாக்களில் கஞ்சி கொதித்தது. வேலை இழந்த ஆசிரியர்கள் கணக்கு எழுதினார்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எது புதிதாக வந்த அகதிக் குடும்பம், யார் இரண்டு தடவை வரிசையில் நிற்கிறார்கள் என்பது உபதேசியாருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் நிவாரண அமைப்பு இந்தத் தகவலைச் சேர்க்க மாதங்கள் ஆகும். பங்குத்தந்தைக்கு அது ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே இருந்தது.

வெள்ளைக்காரக் குருக்களின் படங்களே பத்திரிகையில் வந்தன. கஞ்சி காய்ச்சியவர்கள், குழந்தையை மடியில் வைத்திருந்தவர்கள், இரவில் மூட்டை சுமந்தவர்கள் பெரும்பாலும் இக்போ மக்கள்: இக்போ சகோதரிகள், இக்போ ஆசிரியர்கள், அந்தந்த ஊர்த் தாய்மார்கள். அவர்களுடைய பெயர்கள் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கின்றன. இந்த நிகழ்வைப் பற்றி எழுதப்பட்டவற்றில் என் மனதை அதிகம் உறுத்துவது இந்தக் குறைதான்.

இரவு விமானங்கள்

உணவு எங்கிருந்து வந்தது? கினியா வளைகுடாவில் சாவோ தொமே என்ற தீவு, அப்போது போர்ச்சுகலின் கையில் இருந்தது. போர்ச்சுகல் பியாஃப்ரா பக்கம் சாய்ந்திருந்தது. 1968 தொடக்கத்தில் காரித்தாஸ் என்ற கத்தோலிக்க நிவாரண அமைப்பின் சார்பில் அயர்லாந்துக் குரு டோனி பைர்ன் அங்கிருந்து உணவு அனுப்ப வழி தேடினார். அப்போது பியாஃப்ராவுக்குப் பறந்துகொண்டிருந்தவர் ஹாங்க் வார்ட்டன் என்ற ஆயுதக் கடத்தல்காரர் ஒருவர்தான். அவருடைய விமானங்களிலேயே காசு கொடுத்து இடம் வாங்கினார்கள்.

1968 கோடையில் பியாஃப்ராக் குழந்தைகளின் படங்கள் ஐரோப்பியப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வந்ததும் நிலைமை மாறியது. பணம் கொட்டியது. ஆகஸ்டில் ஸ்வீடன் பிரபு கார்ல் குஸ்தாஃப் ஃபோன் ரோசன் என்ற விமானி, நைஜீரிய ராடாருக்கும் பீரங்கிக்கும் சிக்காமல் மரங்களின் தலையை உரசுகிற உயரத்தில் பறந்து பியாஃப்ராவின் உலி ஓடுதளத்தில் இறங்கிக் காட்டினார். முடியும் என்று தெரிந்ததும் டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து திருச்சபைகள் நார்ட்சர்ச்எய்டு என்ற பெயரில் சேர்ந்தன. காரித்தாஸ், உலகத் திருச்சபைகள் மன்றம், ஜெர்மன் சபைகள், அமெரிக்கச் சபைகள், கனடாவின் பிரஸ்பிட்டேரியன் சபையும் ஆக்ஸ்ஃபாமும் சேர்ந்து தொடங்கிய கனேர்ரிலீஃப் என்று முப்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே குடையின் கீழ் வந்தன. அதுவே ஜாயின்ட் சர்ச் எய்டு. விமானங்களின் மேல் எழுதியிருந்த ஜே.சி.ஏ. என்ற எழுத்துகளைப் பார்த்து விமானிகள் அதற்கு ஜீசஸ் கிறைஸ்ட் ஏர்லைன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் இவ்வளவு பெரிய காரியத்தை அதுவரை சேர்ந்து செய்ததில்லை. அமெரிக்க யூதர் அமைப்பு ஒன்றும் இதில் கைகொடுத்தது.

உலி என்பது விமான நிலையமே அல்ல. இஹியாலா ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையின் ஒரு நீளத்தை அகலப்படுத்தி ஓடுதளமாக்கியிருந்தார்கள். பகலில் ஓடுதளத்தின் மேல் தழை போட்டு மறைத்துவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் வேலை தொடங்கும். விமானம் விளக்கை அணைத்துக்கொண்டு வரும். கீழேயும் விளக்கு கிடையாது. ரேடியோவில் கேட்டதும் இறங்குவதற்கு முந்தைய சில நொடிகள் மட்டும் ஓடுதள விளக்கு எரியும், சக்கரம் தரையைத் தொட்டதும் அணைந்துவிடும். மேலே நைஜீரிய விமானப் படைக்காக ஒரு குண்டுவீச்சு விமானம் சுற்றிக்கொண்டிருக்கும். விளக்கு எரிகிற அந்தச் சில நொடிகளுக்காகத்தான் அது காத்திருக்கும். அதில் இருந்த கூலிப்படை விமானி ரேடியோவில் நிவாரண விமானிகளைக் கேலி செய்வானாம்.

இறங்கிய விமானத்தின் இன்ஜினை முழுக்க நிறுத்தாமலே மூட்டைகளை உருட்டிவிடுவார்கள். லாரிகள் மரத்தடியில் நிற்கும். இருட்டில் ஒரு குரு கையில் பட்டியலோடு நின்று, இந்த லாரி இன்ன பங்குக்கு, அந்த லாரி இன்ன ஆஸ்பத்திரிக்கு என்று பிரித்து அனுப்புவார். விமானம் மறுபடி சாவோ தொமே போய் ஏற்றிக்கொண்டு திரும்பும். ஒரே இரவில் இரண்டு மூன்று நடை.

மொத்தக் கணக்கு 5,300க்கும் மேற்பட்ட பறப்புகள், ஏறத்தாழ 60,000 டன். ஒரு பறப்புக்குச் சராசரி பதினோரு டன், அதாவது ஒரு பெரிய லாரிச் சுமை. பல லட்சம் பேருக்கான உணவை லாரிச் சுமை லாரிச் சுமையாக, இருட்டில், குண்டுக்கு நடுவில் கொண்டுவந்தார்கள். விமானிகள் பலர் செத்தார்கள். 1969 ஆகஸ்ட் 3 அன்று கனேர்ரிலீஃபின் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானம் உலிக்கருகே விழுந்ததில் நான்கு பேர் இறந்தார்கள்.

சுமையில் முக்கியமானது நார்வேயின் உலர்ந்த மீன். நம் ஊர்க் கருவாடு மாதிரி உப்புப் போட்டது அல்ல, குளிர்காற்றிலேயே காய வைத்தது, விறகுக்கட்டை போல இருக்கும். இக்போ மக்களுக்கு அது போருக்கு முன்பே பிடித்த உணவு. ஒக்போரோகோ என்று பெயர், பானைக்குள் சத்தம் போடுவது என்று அர்த்தம் சொல்வார்கள். கெடாது, எடை குறைவு, புரதம் அதிகம், மக்களுக்குப் பழகிய ருசி. நிவாரணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை யோசிக்கவே முடியாது. நார்வே மீனவர் ஊருக்கும் இக்போ அடுப்புக்கும் இடையில் ஏற்கெனவே இருந்த பழைய வியாபார உறவு இங்கே உயிர் காத்தது.

அதே ஓடுதளம்

இனி கசப்பான பகுதி.

பியாஃப்ராவின் ஆயுத விமானங்களும் உலியில்தான் இறங்கின, இரவில்தான் இறங்கின. மேலே பறக்கும் நைஜீரிய விமானிக்கு எது மீன், எது தோட்டா என்று தெரியாது. ஆயுத விமானம் நிவாரண விமானத்தின் நிழலில் ஒளிந்துகொண்டது. லாகோஸ் அரசு இதைச் சொல்லிச் சொல்லிக் கத்தியது. பகலில் பறந்து வாருங்கள், எங்கள் சோதனைக்குப் பிறகு போங்கள், அல்லது எங்கள் பகுதி வழியாகத் தரைப்பாதையில் அனுப்புங்கள் என்றது. ஒஜுக்வு அரசு மறுத்தது. நைஜீரியா வழியாக வரும் உணவில் விஷம் இருக்கும் என்ற பயம் மக்களிடம் நிஜமாகவே இருந்தது. ஆனால் அரசின் கணக்கு வேறு: பகல் விமானம் ஒத்துக்கொண்டால் இரவு ஓடுதளம் ஆயுதத்துக்கு மட்டும் என்றாகிவிடும், அப்போது தயக்கமில்லாமல் சுட்டு வீழ்த்துவார்கள். 1969 செப்டம்பர் 13 அன்று செஞ்சிலுவைச் சங்கம் பகல் விமானங்களுக்கு நைஜீரியாவுடன் ஒப்பந்தமே போட்டுவிட்டது. பியாஃப்ரா அதை ஏற்கவில்லை.

பணமும் ஒரு சிக்கல். உள்ளூர்ச் செலவுக்குத் திருச்சபைகளுக்குப் பியாஃப்ரா நாணயம் வேண்டும். அதற்கு வெளிநாட்டு நாணயத்தைக் கொடுத்து மாற்றினார்கள். அந்த அந்நியச் செலாவணியால் பியாஃப்ரா அரசு என்ன வாங்கியிருக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஜெனீவாவில் மார்க்பிரஸ் என்ற விளம்பர நிறுவனம் பியாஃப்ராவுக்காகச் செய்தி பரப்பியது. குருக்கள் ஐரோப்பியப் பத்திரிகைக்காரர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டியதும் அந்தப் பிரசாரத்துக்கு உரமானது.

செஞ்சிலுவைச் சங்கம் இரண்டு அரசுகளிடமும் அனுமதி வாங்கிப் பறக்கவே முயன்றது. 1969 ஜூன் 5 அன்று அதன் விமானம் ஒன்றை நைஜீரியப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அத்தோடு சங்கம் தன் விமானங்களை நிறுத்தியது. திருச்சபை விமானங்கள் சில நாள் தடுமாறின, பிறகு மறுபடி பறந்தன.

இந்த வேறுபாடு ஏன்? தைரியம் கூடக்குறைய என்று நான் நினைக்கவில்லை. செஞ்சிலுவைச் சங்கம் நடுநிலை என்ற வாக்கின் மேல் நிற்கிறது, அது போனால் உலகத்தில் வேறு எந்தப் போரிலும் அதற்கு நுழைய வழியில்லை. ஓவெரி பங்குத்தந்தைக்கு அந்தக் கவலை கிடையாது. வரிசையில் நிற்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். அதன் அப்பாவுக்கு வகுப்பெடுத்தவரும் அவரே. அவரை எதிரெதிர்த் தரப்புக்கு நடுவில் நிற்கச் சொல்வது வீட்டில் சாவு விழும்போது மூன்றாம் மனிதராக நிற்கச் சொல்வது போல. உணவு ஒவ்வொரு பிள்ளை வாய்க்கும் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அந்த உறவு. குருக்களின் நடுநிலையைக் கெடுத்ததும் அதே உறவு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிடும் வழி அவர்களுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த உறவுக்குள்ளும் ஒரு குருட்டுப் புள்ளி இருந்தது. பியாஃப்ராவுக்குள் இக்போ அல்லாத சிறுபான்மையினரும் இருந்தார்கள்: எஃபிக், இபிபியோ, இஜாவ் மக்கள். தனி நாட்டை அவர்களில் பலர் விரும்பவில்லை. நைஜீரியப் பக்கத்திலும் பசித்தவர்கள் இருந்தார்கள், அங்கேயும் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். அவர்களுடைய குரல் ரோமிலும் டப்ளினிலும் அதே வேகத்தில் கேட்கவில்லை. உலகத் திருச்சபைகள் மன்றம் இரு பக்கமும் வேலை செய்ய முயன்றது, அதனாலேயே அதற்குள் சங்கடமும் அதிகம். இந்த விமானங்கள் போரை நீட்டிக்கின்றனவோ என்ற கேள்வியை, போர் முடிவதற்கு முன்பே திருச்சபை அமைப்புகள் தங்களுக்குள் எழுப்பிக்கொண்டன.

போரை நீட்டித்தார்களா?

பிற்கால ஆய்வாளர்கள் சிலர் ஆம் என்று அடித்துச் சொல்கிறார்கள். 1968 கடைசியில் சரிந்திருக்க வேண்டிய பியாஃப்ரா, இந்த உணவாலும் இந்த ஓடுதளத்தாலும் இன்னும் ஓராண்டுக்கு மேல் நின்றது, அந்தக் காலத்தில் செத்தவர்கள் கணக்கும் சேர வேண்டும் என்பது அவர்களின் வாதம். எளிதாகத் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. மொத்தப் போரில் இறந்தவர்கள் ஐந்து லட்சம் முதல் முப்பது லட்சம் வரை என்று மதிப்பீடுகள் விரிகின்றன, பெரும்பாலானவர்கள் பட்டினியாலும் நோயாலும் போனவர்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத விமானத்தோடு ஓடுதளத்தைப் பகிர்ந்துகொண்டது திருச்சபைகள் பதில் சொல்ல வேண்டிய விஷயம். பகல் விமானத்துக்கு ஒத்துக்கொள்ளும்படி ஒஜுக்வுவைப் பகிரங்கமாக நெருக்கும் செல்வாக்கு அவர்களுக்கு இருந்தது. அதை முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் போரின் நீளத்தை அவர்கள் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1966 படுகொலைகளுக்குப் பிறகு, தோற்றால் எல்லோரையும் கொன்றுவிடுவார்கள் என்று இக்போ மக்கள் நம்பினார்கள். அப்படி நம்புகிறவர்கள் மீன் வராவிட்டாலும் சண்டை போட்டிருப்பார்கள். சோறு நின்றால் முதலில் சாவது சிப்பாய் அல்ல, சவலைப் பிள்ளை. முற்றுகை போட்டவர்களும் தெரிந்தே போட்டார்கள், பகல் விமானத்தை மறுத்தவர்களும் தெரிந்தே மறுத்தார்கள். பொறுப்பு முதலில் அங்கேதான்.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்த அமைப்புகள் இன்றும் இருக்கின்றன. டப்ளினில் 1968இல் ஒரு குடும்பம் தொடங்கிய ஆப்பிரிக்கா கன்சர்ன், செப்டம்பரில் ஒரு கப்பல் நிறைய உணவைச் சாவோ தொமேக்கு அனுப்பியது. இன்று அது கன்சர்ன் என்ற பெயரில் பல நாடுகளில் வேலை செய்கிறது. பியாஃப்ராவில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக வேலை செய்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர், வாயை மூடிக்கொண்டு மருத்துவம் பார்க்கும் முறை பிடிக்காமல், 1971இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் இருந்தார்கள். ஃபோன் ரோசன் வேறு வழியில் போனார். 1969 மே மாதம் சிறிய விமானங்களுக்கு ராக்கெட் பொருத்தி, நைஜீரிய விமான தளங்களைத் தாக்கினார். முதல் ஆண்டு உணவு கொண்டுவந்த கை மறு ஆண்டு ராக்கெட் விட்டது. நிவாரணத்தில் இருப்பவர் எவ்வளவு தூரம் இழுபட முடியும் என்பதற்கு லாகோஸுக்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைத்திருக்காது. அவரே 1977இல் எத்தியோப்பியாவில் பஞ்ச நிவாரண வேலையில் இருந்தபோது கொல்லப்பட்டார்.

போர் முடிந்த பிறகு

1970 ஜனவரி 15 அன்று பியாஃப்ரா சரணடைந்தது. ஒஜுக்வு சில நாட்களுக்கு முன்பே ஐவரி கோஸ்ட்டுக்குப் போய்விட்டார். வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று நைஜீரிய ராணுவ அரசின் தலைவர் ஜெனரல் கோவோன் அறிவித்தார். பலர் பயந்தது போல ஊர் ஊராகப் படுகொலை நடக்கவில்லை. அதை அவருக்குச் சாதகமாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பியாஃப்ராவுக்கு உதவியவர்களிடமிருந்து எந்த உதவியும் வேண்டாம் என்றும் அவர் சொன்னார். காரித்தாஸும் ஜாயின்ட் சர்ச் எய்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. குருக்களும் சகோதரிகளும் நூற்றுக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். ஓவெரியில் வீலன் ஆயரின் இடத்துக்கு அதே ஆண்டு மார்க் உனெக்பு என்ற இக்போ குரு ஆயரானார். வெள்ளைக்காரக் குரு இல்லாமல் அந்தச் சபை என்ன ஆகும் என்று அப்போது கவலைப்பட்டவர்கள் உண்டு. குருமடங்கள் நிரம்பி வழிந்தன. இன்று அயர்லாந்தின் பங்குகளில் திருப்பலி நிறைவேற்றுகிறவர்களில் இக்போ குருக்களும் இருக்கிறார்கள். காபோனுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் சாவோ தொமேக்கும் சிகிச்சைக்காக விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் 1970 கடைசியிலும் 1971 தொடக்கத்திலும் வீடு திரும்பினார்கள்.

சாவோ தொமேயில் கிடங்குகள் நிறைய உணவு மிச்சமிருந்தது. ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் பசி தீர்ந்துவிடவில்லை, சரணடைந்த வாரங்களில் பல ஊர்களில் அது இன்னும் மோசமாகவே இருந்தது. மீனும் பால்பவுடரும் ஏற்றுவதற்கு ஆள் இருந்தார்கள், விமானம் இருந்தது, இறங்க அனுமதி கிடைக்கவில்லை. கனேர்ரிலீஃபின் சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் இரண்டு அந்தத் தீவின் விமான நிலையத்து ஓரத்திலேயே பல ஆண்டுகள் துருப்பிடித்து நின்றன.